மலையின் பெயரையும் எழுதுங்கள்

பறவை பார்ப்பவர்கள் அனுப்பும் பதிவுகளைச் சரிபார்ப்பது என் வேலையில் பாதி. அவற்றில் நான் அடிக்கடி திருப்பி அனுப்புபவை, "சிரிப்பான், 4" என்று பறவையின் பெயரையும் எண்ணிக்கையையும் மட்டும் எழுதிவிட்டு மலையின் பெயரை விட்டுவிட்டவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளில், அதாவது உயர்மலை மடிப்புகளில் உள்ள அடர்ந்த குட்டை மரக்காடுகளில், வாழும் பறவைகளைப் பொறுத்தவரை, மலை தெரியாமல் இனத்தை உறுதி செய்வது கடினம்.

இச்சோலைகள் தீவுகளைப் போன்றவை. சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாயும், அதைவிடக் குறுகிய செங்கோட்டைக் கணவாயும் உயர்மலைப் பறவைகள் கடக்கத் துணியாத வெப்பச் சமவெளிகளாகக் குறுக்கே கிடப்பதால், இருபுறமும் உள்ளவை பல லட்சம் ஆண்டுகளாகத் தனித்தனியே மாறி வந்துள்ளன. மரபணுக்களை ஒப்பிட்டு 2017இல் வெளியான ஆய்வு, இவற்றுக்கென இரண்டு புதிய பேரினங்களை (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதிகளை) வகுத்தது. சிரிப்பான்கள் நான்கும் மான்டிசின்க்லா ஆயின. சோலைக்கிளிகள் மூன்றும் சோலிகோலா ஆயின. (இங்கே 'கிளி' என்பது மலையாள வழக்கில் பறவையைக் குறிப்பது, பச்சைக்கிளியைத் தேடி ஏமாற வேண்டாம்.)

சோலைக்கிளிகளின் கதை சுவையானது. நீண்ட காலோடும் குட்டை வாலோடும் தரையில் தத்தி இரை தேடும் தோற்றத்தை நம்பி, அவற்றை இமயமலையின் குறுஞ்சிறகன்களோடு சேர்த்திருந்தார்கள். உண்மையில் அவை ஈப்பிடிப்பான்களுக்கு நெருங்கிய உறவு. உருவ ஒற்றுமை வாழ்விடம் தந்தது, உறவு தந்ததல்ல.

பெயர் மாறினால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது பனசுரச் சிரிப்பானை. ஒரு காலத்தில் பழனிச் சிரிப்பானோடும் பிறகு நீலகிரிச் சிரிப்பானோடும் ஒரே இனமாகக் கருதப்பட்டபோது, அது பரவலாக வாழும் பறவையின் ஒரு கிளையாக மட்டுமே தெரிந்தது. தனி இனமான பின்புதான், வயநாட்டை ஒட்டிய சில சிகரங்களுக்குள் அதன் உலகம் முடிந்துவிடுகிறது என்பது கண்ணில் பட்டது. இன்று அது அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

இதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. புதிய இனம் என்றதும் அதைத் தம் பட்டியலில் சேர்க்க விரைபவர்கள் பெருகினர். ஒரு கோடைக் காலையில் ஓடைக்கரையில், ஒருவர் கைபேசியில் சோலைக்கிளியின் சீழ்க்கையை ஒலிக்கவிட்டார். தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டதென்று நம்பி, அலகில் புழுவோடு வந்து பெரணித் தண்டில் அமர்ந்த அந்தப் பறவை, கூட்டுக்குப் போகாமல் நெடுநேரம் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. படம் நன்றாக வந்தது. குஞ்சுகளின் பசி படத்தில் தெரியாது.

ஒலிப்பதிவை இயக்காமல், விடியற்காலையில் ஓடை வளைவில் அசையாது அமர்ந்திருங்கள். பெரும்பாலும் பறவை தானே வெளியே வரும். பதிவில் மலையின் பெயர், உயரம், சோலையா யூக்கலிப்டஸ் தோட்டமா என்ற விவரம், சிரிப்பானென்றால் முகவாய் கறுப்பா இல்லையா என்பது ஆகிய நான்கையும் எழுதுங்கள். முகவாய் தெரியவில்லையென்றால், தெரியவில்லை என்றே எழுதுங்கள். அந்தப் பதிவை நான் திருப்பி அனுப்ப மாட்டேன்.