கிராவல் ரோட்டுக்கு மம்பட்டி எடுக்க வேண்டிய மாதம் புரட்டாசி

ஐப்பசியில் காரைக்குடியிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும், தார் ரோட்டை விட்டுப் பிரிகிற கிராவல் ரோடுகளில் ஒரே காட்சிதான். நடுவில் குளம், அதற்குள் இரண்டு டயர் தடம், தடம் நிறையக் காவித் தண்ணீர். பைக்கில் வருகிறவர் காலை ஊன்றி ஊன்றி, ஓரத்துக் கருவேல முள்ளை ஒதுக்கிக்கொண்டு போவார். தையில் வெயில் ஏறியதும் ஊரார் மனு எழுதுவார்கள். சித்திரையில் நாலைந்து லோடு கிராவல் வந்து இறங்கும். மறு ஐப்பசியில் அதே இடத்தில் அதே குளம்.

கிராமச் சாலை வேலையில் இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது எனக்கு. நம் பக்கத்துக் கிராவல் ரோடு கெடுவது பெரும்பாலும் தண்ணீர் போக வழி இல்லாததால்தான். மண் கொட்டுவது அடுத்த வேலை. அந்த வழியைத் திறந்துவிடும் வேலை புரட்டாசிக்குள் முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை, நாலு பேர், நாலு மம்பட்டி போதும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்த புதிதில், தேவகோட்டைப் பக்கம் ஒரு ஊருக்கு ஒன்றரை கிலோமீட்டர் ரோடு. சித்திரைக் கடைசி. டிப்பர் டிப்பராய்க் கிராவல் கொட்டி, ஜேசிபியை விட்டு நிரவி, காய்ந்த மண்ணின் மேலேயே ரோலரை இரண்டு தரம் ஓட்டி முடித்தோம். செக்கச்செவேலென்று பார்க்க அழகாக இருந்தது. ஐப்பசியில் இரண்டாவது மழைக்கே சேறாகிவிட்டது. பிரசவ வலி வந்த ஒரு பெண்ணைக் கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்து, தார் ரோடு வரை தூக்கி வந்து ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிழைத்தார்கள். ஆனால் அந்தச் செய்தி கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் தூறலிலேயே போனேன். சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் ரோட்டோரத்தில் மம்பட்டியோடு நின்றார். என்னைப் பார்த்ததும் கோபப்படவில்லை. “தம்பி, நீங்க வெயில்ல வந்து ரோட்டப் பாத்துட்டுப் போறீக. தண்ணி எங்க நிக்கிதுன்னு வெயில்ல தெரியுமா? மழையில வந்து பாக்கணும்” என்றார். சொல்லிவிட்டு ரோட்டு விளிம்பில் புல் மண்டிக் கிடந்த மேட்டை நாலு வெட்டு வெட்டினார். ஒரு முழ அகலம்கூட இருக்காது. தேங்கிக் கிடந்த தண்ணீர் முதலில் லேசாக அசைந்தது, அப்புறம் வைக்கோலும் நுரையுமாக இழுத்துக்கொண்டு அந்த வாய் வழியே கொல்லைக்குள் இறங்கியது. அவர் வெற்றிலை மடித்து வாயில் போட்டு மெல்லுவதற்குள் டயர் தடத்தின் அடி தெரிந்துவிட்டது. நான் லட்சக்கணக்கில் செலவு செய்து கோட்டைவிட்டதை அவர் நாலு வெட்டில் செய்து காட்டினார். ‘ஐயா, இந்த மாதிரி இன்னும் எத்தனை இடம் இருக்கு?’ என்று கேட்டேன். கூடவே நடந்து வந்து ஒவ்வொன்றாய்க் காட்டினார். பதினொரு இடம்.

அவர் வெட்டியது என்ன என்று பார்ப்போம். வண்டி ஓட ஓட, டயர் கல்லையும் மண்ணையும் ஓரத்துக்குத் தள்ளும். அதில் புல் பிடிக்கும். அடுத்த வருடம் அந்தப் புல் இன்னும் கொஞ்சம் மண்ணைப் பிடித்து வைக்கும். மூன்று வருடத்தில் ரோட்டின் இரண்டு பக்கமும் வயல் வரப்பு மாதிரி ஒரு மேடு எழும்பிவிடும். அதற்கு அந்தப் பக்கம் எவ்வளவு நல்ல வாய்க்கால் இருந்தாலும் பயனில்லை. மழைத் தண்ணீர் வரப்பைத் தாண்ட முடியாமல் ரோட்டிலேயே ஓடும், பள்ளமான இடத்தில் நிற்கும். நின்ற தண்ணீரில் சக்கரம் இறங்கினால் அடிமண் வரை குழைந்துவிடும். குண்டும் குழியும் பிறக்கிற இடம் அதுதான்.

அதோடு சேர்ந்தது கேம்பர். ரோட்டின் நடு உயர்ந்து, இரண்டு ஓரமும் சரிந்து இருக்க வேண்டும். தார் ரோட்டுக்குக் கொஞ்சம் சரிவு போதும். கிராவல் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் அதற்குச் சரிவு கூடுதலாக வேண்டும், 100-க்கு 4 என்பது வழக்கமான கணக்கு. ஊர்க் கணக்கில் சொன்னால் அடிக்கு அரை அங்குலம். 12 அடி ரோடு என்றால் நடுவிலிருந்து ஓரம் 6 அடி. ஆக நடு, ஓரத்தை விட 3 அங்குலம் உயர்ந்து நிற்க வேண்டும். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலும் ஒரு டேப்பும் இருந்தால் யார் வேண்டுமானாலும் அளந்துவிடலாம். ரோடு போட்டவுடனே அளந்து பாருங்கள். தட்டையாக இருந்தால் அப்போதே கேளுங்கள். ரோலர் கிளம்பிப் போன பிறகு கேட்டுப் பலனில்லை. உருட்டுவதும் ஓரத்திலிருந்து தொடங்கி நடுவுக்கு வர வேண்டும். நடுவில் தொடங்கினால் மண் ஓரத்துக்கு நழுவிச் சரிவு போய்விடும்.

ஜேசிபி விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. ஊரில் யாராவது நல்ல மனதோடு வாடகை கொடுத்து ‘ரோட்டைச் சுரண்டி விடுங்க’ என்பார்கள். அதன் வாளி நேராக இருக்கும், சுரண்டினால் ரோடும் தட்டையாகும். மேட்டைச் சுரண்டிப் பள்ளத்தில் போட்ட மண் ஈரமில்லாமல் பொலபொலவென்று கிடக்கும், முதல் மழைக்குக் கரைந்துவிடும். இப்படி வருடா வருடம் சுரண்டிய ரோடுகள் பக்கத்து நிலத்தை விட ஒரு அடி தாழ்ந்து கிடப்பதைக் கல்லல் பக்கமும் பார்த்திருக்கிறேன், புதுவயல் பக்கமும் பார்த்திருக்கிறேன். ரோடு நிலத்தை விடத் தாழ்ந்துவிட்டால் அது வாய்க்கால்தான். சுரண்டத்தான் வேண்டும் என்றால், டிராக்டரில் மாட்டும் பிளேடைச் சாய்த்து வைத்து, ஓரத்தில் ஒதுங்கிய கிராவலை நடுவுக்கு இழுக்கச் சொல்லுங்கள். புல் வேரும் கொல்லை மண்ணும் கலந்து வரக்கூடாது. மண்ணில் ஈரம் இருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக்கூடாது. கீழே போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். அந்தப் பதத்தில் உருட்டிய மண்தான் இறுகும்.

நம் சீமையில் அந்தப் பதம் தானாகக் கிடைப்பது வருடத்தில் இரண்டு தடவை. ஆவணியிலும் புரட்டாசியிலும் சாயங்காலம் இடியோடு ஒரு மழை பெய்து ஓயும். அதற்கு அடுத்த இரண்டு நாள் ஒன்று. மார்கழி முடிந்து தை பிறக்கையில், அடைமழை நின்று மண் காயத் தொடங்கும் வாரம் இன்னொன்று. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களும் குன்றக்குடிக்குக் காவடி தூக்கிப் போகிறவர்களும் வெறுங்காலோடு வருவார்கள். அவர்கள் நடக்கிற கிளை ரோடுகளிலாவது உதிரிக் கல்லை அள்ளிக் குழியில் போட்டுத் திமிசால் இடித்துவிட்டால் புண்ணியம்.

குழி அடைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. குழியில் தண்ணீரும் சேறும் இருக்கையில் மேலே மண்ணைக் கொட்டினால் அடுத்த டயரில் வெளியே வந்துவிடும். சேற்றை அள்ளி வெளியே போட்டு, குழியின் ஓரத்தைச் சட்டம் போலச் செங்குத்தாக வெட்டி, லேசாக நனைத்து, மூன்று நாலு அங்குலம் கிராவல் போட்டு இடித்து, திரும்பவும் போட்டு இடித்து, கடைசியில் ரோட்டு மட்டத்துக்கு மேலே அரை அங்குலம் தூக்கலாக விட வேண்டும். வண்டி ஓடியதும் அது சமமாகிவிடும்.

இனி கண்மாய். செட்டிநாட்டில் ரோட்டைப் பற்றிப் பேசிக் கண்மாயைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நம் ஊர்களில் ஒவ்வொரு சரிவும் ஒரு கண்மாய்க்கோ ஊருணிக்கோ தண்ணீர் கொண்டுபோகத்தான் விடப்பட்டிருக்கிறது. ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே போகிற தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகும். நாம் குறுக்கே ரோடு போடுகிறோம். பழைய வண்டிப் பாதை தரையோடு தரையாக இருந்ததால் தண்ணீர் அதைத் தாண்டிப் போய்விட்டது. அதே பாதையை இரண்டடி உயர்த்திக் கிராவல் போட்டால், நம்மை அறியாமல் ஒரு கரை கட்டிவிடுகிறோம். கீழே இருக்கும் ஆயக்கட்டுக்காரர் நாற்று விட்டுவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருப்பார். ஒரு ராத்திரி ரோடு வெட்டப்பட்டிருக்கும். காலையில் ‘ரோட்டை வெட்டிட்டாங்க’ என்று பஞ்சாயத்து கூடும். அப்படிப்பட்ட பஞ்சாயத்துகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். வெட்டியவர் மேல் கோபப்பட எனக்கு மனம் வந்ததில்லை. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே ரோட்டைக் கடக்கிறது என்று போடும்போதே கேட்டு, அந்த இடத்தில் சிமென்ட் பைப் பதித்திருந்தாலோ, தரைப்பாலம் கட்டியிருந்தாலோ மம்பட்டிக்கு வேலையே வந்திருக்காது.

பைப் பதித்த இடத்திலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. புரட்டாசியில் குனிந்து ஒரு வாய் வழியே பாருங்கள், மறு வாயில் வெளிச்சம் தெரிய வேண்டும். பெரும்பாலும் தெரியாது. கருவேலக் கிளை, பாலித்தீன் பை, உடைந்த பிளாஸ்டிக் குடம், மேலே படிந்த வண்டல் எல்லாம் பாதி வரை அடைத்திருக்கும். சீமைக்கருவேலை வாயோரத்தில் முளைத்திருந்தால் வெட்டினால் போதாது, வேரோடு பிடுங்க வேண்டும். வெட்டினால் முன்னை விட அடர்ந்து துளிர்க்கும். தூர்வாரிய மண்ணை ரோட்டு ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போகிறார்கள், அதுவும் மழையில் திரும்ப வாய்க்காலுக்குள்ளேயே வரும். கொஞ்சத் தூரம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். ரோட்டுத் தண்ணீரைக் குடிநீர் ஊருணிக்குள் மட்டும் திருப்பிவிடாதீர்கள், சேறும் டீசலும் சேர்ந்து போகும்.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம். நம் செம்பூராங்கல் பூமியில் கிடைக்கிற செம்மண் கிராவல் ரோட்டுக்கு நல்ல சரக்கு. கல், மணல், கொஞ்சம் களி மூன்றும் அதில் கலந்தே வரும். கல் பாரம் தாங்கும், களி பசையாகப் பிடித்துக்கொள்ளும். களி கூடினால் மழையில் வழுக்கும். குறைந்தால் வெயிலில் உதிர்ந்து, ரோடு பாய் வரி போல அலை அலையாகிவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி மண், மீதி தண்ணீர் விட்டுக் குலுக்கி வையுங்கள். கல்லும் மணலும் உடனே அடியில் உட்காரும், களி மெதுவாக மேலே படியும். எது எவ்வளவு என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். ‘பக்கத்திலேயே இருக்கே’ என்று கண்மாய் வண்டலை ரோட்டில் போடாதீர்கள். அது வயலுக்கு உரம், ரோட்டுக்கு ஆகாது.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். ரோட்டில் அப்போது பறப்பது அந்தப் பசை மண்தான். போனது போனதுதான், திரும்ப விலை கொடுத்து வாங்க வேண்டும். 12 அடி அகல ரோட்டில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரே ஒரு அங்குலம் தேய்ந்தால் சுமார் 3,280 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட், அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட 33. மூன்று யூனிட் டிப்பரில் 11 லோடு, அதுவும் இறுகிய கணக்கு. கொட்டும்போது இன்னும் கூடுதலாக வேண்டும். கோடையில் மெதுவாக ஓட்டினால் தூசி குறையும், அலையும் குறையும்.

மழை மாதத்தில் ரோட்டை யாரும் தொட வேண்டாம். தண்ணீர் நிற்கிற இடத்தில் வாய் வெட்டிவிடுவதோடு சரி. டிராக்டர் வைத்திருக்கும் அண்ணன்மாரிடம் ஒரு வேண்டுகோள்: தொளி உழவு முடிந்ததும், சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீலோடு ரோட்டில் ஏறாதீர்கள். வயலிலேயே கழற்றி, டிரெய்லரில் போட்டு எடுத்துப் போங்கள். ஈர ரோட்டில் ஒரு தடவை கேஜ் வீல் ஓடினால் விளிம்பு முழுக்கக் கிழிந்துவிடும். செங்கல், மணல் லாரிக்காரர்களையும் மழை நின்று இரண்டு நாளாவது பொறுக்கச் சொல்லுங்கள்.

மனு கொடுப்பதிலும் ஒரு மாற்றம் செய்து பாருங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபை ஆடிக் கடைசியில் வருகிறது, வேலையைக் கேட்க அதுதான் சரியான நாள். அக்டோபர் 2 கிராம சபை புரட்டாசி நடுவில். அன்றைக்கு வேலை முடிந்ததா என்று கேட்க வேண்டும். ‘எங்க ஊருக்கு ரோடு போட்டுத் தாருங்கள்’ என்று மட்டும் எழுதினால் சித்திரையில் நாலு லோடு கிராவல்தான் வரும். போன ஐப்பசி மழையில் எந்தெந்த இடத்தில் தண்ணீர் நின்றது, எந்தப் பைப் அடைத்திருக்கிறது, வரத்துக்கால் எங்கே கடக்கிறது என்று இடம் சொல்லி எழுதுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போதே போனில் எடுத்த படங்களை அதோடு இணையுங்கள். இந்த வருடம் படம் இல்லையென்றால், வருகிற ஐப்பசியில் குடையை எடுத்துக்கொண்டு ஒரு நடை நடந்து எடுத்து வையுங்கள்.