வினைத்திறனா, விளைதிறனா?

கிளிநொச்சியில் திட்ட அறிக்கைகளின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். வருடக் கடைசியில் வந்து குவியும் அறிக்கைகளில் 'எஃபிஷியன்ட்', 'எஃபெக்டிவ்' இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல ஆள் மாறி நிற்கும்.

சில வருடங்களுக்கு முன், முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றில் கட்டிய கிணறுகள் பற்றி ஓர் அறிக்கை வந்தது. மாரி மழைக்கு முன்பே வேலை முடிந்திருந்தது. ஒதுக்கிய காசிலும் மிச்சம். 'மிகவும் எஃபெக்டிவான திட்டம்' என்று எழுதியிருந்தார்கள். நானும் இலக்கணத்தை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டேன். பிறகு அந்தப் பக்கம் போனபோது, ஓர் அம்மா வாளியில் அள்ளிக் காட்டினார். தண்ணீர் பளிங்காக இருந்தது. வாயில் வைத்தால் உவர். மாடு குளிப்பாட்டலாம், தேநீருக்கு ஆகாது என்றார். குடிதண்ணீருக்கு இன்னும் பவுசரைத்தான் பார்த்திருந்தார்.

அது எஃபிஷியன்டான திட்டம், எஃபெக்டிவ் அல்ல. காசும் நேரமும் ஆளும் வீணாகாமல் வேலை நடந்தால் முதற்சொல். எதற்காகத் தொடங்கினோமோ அது கைகூடினால்தான் இரண்டாவது.

நம் பாடநூல்களில் இதற்கு அருமையான சோடி உண்டு: வினைத்திறன், விளைதிறன். ஒன்று வினையைப் பார்க்கிறது, மற்றது விளைவை. (அரச உத்தியோகத்தருக்கு வினைத்திறன் என்றதும் சம்பள ஏற்றத்துக்கும் பதவி உயர்வுக்கும் எழுதும் 'வினைத்திறன்காண் தடைதாண்டல்' பரீட்சைதான் நினைவுக்கு வரும், பாவம்.)

மறுபக்கமும் உண்டு. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் மண் வாய்க்காலில் வந்து வயலை நனைத்தால் சிறுபோகம் விளையும், விளைதிறனுக்குக் குறையில்லை. வழியிலேயே ஊறிப்போன தண்ணீரைக் கணக்கெடுத்தால் வினைத்திறன் அடிபடும்.

இவற்றோடு குழம்பும் மூன்றாவது சொல் 'எஃபிகேசி'. அது மருத்துவர்களின் சொல். 2020 நவம்பரில் பைஸரின் கொரோனாத் தடுப்பூசிக்குச் சொன்ன 95 வீதம் அதுதான்: கட்டுப்பாட்டோடு நடத்திய பரிசோதனையில் கண்ட பலன். ஊரில் எல்லோருக்கும் போட்ட பிறகு தெரிவது எஃபெக்டிவ்னஸ். கிணற்று அறிக்கையில் எஃபிகேசியைக் கண்டால் நான் கேட்காமலே வெட்டிவிடுவேன்.

எஃபெக்டிவுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 'ஜனவரி 1 முதல் பயனுள்ளது' என்று தமிழாக்கிய சுற்றறிக்கை ஒன்றை வைத்திருக்கிறேன். 'நடைமுறைக்கு வரும்' என்று எழுதியிருக்க வேண்டும். அதற்கு முன் பயனில்லாமல் கிடந்ததா என்று ஓர் உத்தியோகத்தர் உண்மையாகவே கேட்டார்.