ஃபர் மரம் வாடுறதுக்கு காரணம் குளிர் இல்ல, தாகம்

பனிக்காலம் முடியுற நேரத்துல ஃபர் மரம், அதாவது கிறிஸ்துமஸ் மரமா வைக்கற ஊசி இலை மரம், ஒரு பக்கம் மட்டும் செம்பட்டையா காஞ்சு நிக்கும், பாக்குறவங்க "குளிர் தாங்கல போல"னு சொல்லிட்டு போயிடுவாங்க. பெரும்பாலும் அது குளிரோட வேலை இல்ல. தண்ணி கிடைக்காம காஞ்சது. இது புரிஞ்சுட்டா இந்த மரத்த எங்க நடணும், எப்ப தண்ணி விடணும்ங்கறது பாதி தானா விளங்கிடும்.

பகல் நேரம் குறைய ஆரம்பிச்ச உடனே மரத்துக்கு செய்தி போயிடுது. வளர்ச்சிய நிறுத்திட்டு மொட்டுகள பிசின் பூசி மூடிடும், செல்லுக்குள்ள சர்க்கரைய சேத்து வைக்கும். குளிர் ஏற ஏற செல்லுக்குள்ள இருக்கற தண்ணி கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்து, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல இருக்கற இடத்துல ஐஸ் ஆகுது, உள்ள மிஞ்சுறது கெட்டியான சர்க்கரை பாகு மாதிரி இருக்கறதால அது உறையாது, செல்லும் கிழியாது. பல ஃபர் வகைங்க மைனஸ் 25 டிகிரிய சாதாரணமா தாண்டி வர்றது இப்படித்தான். ஆனா இந்த பலம் வருஷம் முழுக்க இருக்கறதில்ல. அதே மரம் வசந்தத்துல இளந்தளிர் விட்டு நிக்கும்போது ஜீரோவுக்கு ரெண்டு மூணு டிகிரி கீழ போனாலே தளிர் கருகிடும். குளிர்ந்த காத்து கனமானது, சரிவுல இறங்கி அடியில தேங்கும், அதனால பள்ளமான இடத்துல ஃபர் நடாதீங்க.

இப்ப தாகத்துக்கு வருவோம். ஊசி இலை மேல மெழுகு பூச்சு இருக்கு, நீராவி போற துளைகள் பெரும்பாலும் இலையோட அடிப்பக்கம் ரெண்டு வெள்ளைக் கோடா இருக்கும், அதுலயும் மெழுகு இருக்கு. இவ்வளவு கட்டுக்காவல் இருந்தும் வெயிலும் காத்தும் சேந்து அடிச்சா கொஞ்சம் ஈரம் போய்க்கிட்டேதான் இருக்கும், கீழ மண்ணு உறைஞ்சு கிடக்கு, வேரால இழுக்க முடியாது, செலவு மட்டும் நடக்குது வரவே இல்ல. காத்து அடிக்கற பக்கம் மட்டும் காயறது இதனாலதான். அதனால என்னைக் கேட்டா முக்கியமான தண்ணி கோடையில விடறது மட்டும் இல்ல, மண்ணு உறையறதுக்கு முன்னாடி இலையுதிர் காலக் கடைசியில ஆழமா நனையற மாதிரி விடறதும்தான், முதல் ரெண்டு மூணு வருஷம் இத தவற விடவே கூடாது.

அதுக்காக தண்ணி தேங்கவும் விடக்கூடாது. ஃபர் வேருக்கு காத்து வேணும், களிமண்ல தேங்குன தண்ணியில அழுகிடும். கொஞ்சம் அமிலத் தன்மை உள்ள, தண்ணி வடியற மண்ணு, பிஹெச் (மண்ணோட அமில அளவ காட்டுற எண்) 5ல இருந்து 6.5 வரைக்கும் இருந்தா நல்லது. மண்ணு கெட்டியா இருந்தா மேடு கட்டி நடுங்க. குழி வேர்க்கட்டிய (வேரும் அதோட ஒட்டியிருக்கற மண்ணும்) விட ரெண்டு மூணு மடங்கு அகலமா இருக்கட்டும், ஆழம் மட்டும் வேர்க்கட்டி அளவுக்கே, தண்டு விரிஞ்சு வேரா மாறுற இடம் மண்ணுக்கு மேல தெரியணும். மேல மரப்பட்டை மூடாக்கு போடுங்க, தண்டுல ஒட்டாம. கோடைக் கடைசியில நைட்ரஜன் உரம் வேண்டாம், புதுசா வர்ற தளிர் முத்துறதுக்குள்ள குளிர் வந்துடும்.

எந்த வகை வைக்கலாம்னு கேட்டா, வறட்சி கொஞ்சம் தாங்கணும்னா மேற்கு அமெரிக்க மலைகள்ல வளர்ற கான்கலர் ஃபர், நீலம் கலந்த சாம்பல் பச்சை, ஊசி நீளமா மெத்துனு இருக்கும். சின்ன இடம்னா தென்கொரியாவோட கொரியன் ஃபர், மெதுவா வளரும், ஆளுயரத்துக்கு வர்றதுக்குள்ளயே ஊதா நிறக் காய் விட்டுடும், எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான். ஜேஜு தீவோட ஹல்லாசான் மலை மாதிரி உயரமான இடங்கள்லதான் இயற்கையா இருக்கு, அங்க இப்ப அழிஞ்சுக்கிட்டு வர்ற இனம்ங்கறது மனசுக்கு கஷ்டமா இருக்கு. ஃபர் காய், பாக்க இதே மாதிரி இருக்கற இன்னொரு ஊசி இலை மரமான ஸ்ப்ரூஸோட காய் மாதிரி தொங்காது, மெழுகுவர்த்தி மாதிரி நிமிந்து நிக்கும், பழுத்ததும் முழுசா விழாம கிளையிலயே செதில் செதிலா உதிரும், நடுக்காம்பு மட்டும் அப்படியே நிக்கும்.

நடும்போதே முழு வளர்ச்சிக்கு எவ்வளவு அகலம் வேணும்னு பாத்து இடம் விடுங்க. இலை இல்லாத பழைய கிளை வரைக்கும் வெட்டிட்டா அதுல இருந்து பொதுவா மறுபடி தளிர் வராது, உச்சிய வெட்டினா கூம்பு வடிவமே கெட்டுடும்.