வாடகை ஏறினால் முதலில் குறைவது பருப்பு

சென்னையில் குறைந்த வருமானக் குடும்பம் ஒன்றில் வாடகை கூடினால் அரிசி குறைவதில்லை; அது ரேஷனில் இலவசம். குறைவது பருப்பு, முட்டை, பால், காய். சாம்பார் தண்ணியாகி, பிறகு ரசமாகிவிடும். எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாகச் சாப்பிடும் அம்மாவுக்கு அதிலும் பாத்திரத்தின் அடியில் இருப்பதுதான் மிஞ்சும். வயிறு நிறைவதால் இதை யாரும் பசி என்று சொல்வதில்லை. ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருந்தது.

ரேஷனில் கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு, 30 ரூபாய். நான்கு பேர் இருந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம்தான். பருப்பு, முட்டை, மீன், கறி எல்லாம் சேர்த்து 85 கிராம் வேண்டும் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். வீடு மாறியதும் பழைய கடை தூரம் என்று அந்த ஒரு கிலோவையும் விட்டுவிடுபவர்கள் உண்டு. 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டுக்குள் எந்த ரேஷன் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம்.

ஊட்டச்சத்து ஆலோசனைக்கு வரும் இந்தக் குடும்பங்களிடம் "கீரை சேர்த்துக்கோங்க, முட்டை சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவது நியாயமில்லை. வீட்டுக்கு மொத்தம் எவ்வளவு போகிறது என்று முதலில் கேட்க வேண்டும். வாடகை 5,000 என்பார்கள். பத்து மாத அட்வான்ஸ் 50,000 ரூபாயை மூணு வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 1,500 வட்டி. உண்மையான வாடகை 6,500. 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அட்வான்ஸாகச் சொல்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் கூடுதலாக எழுதிக் கையெழுத்திட்டால் அது செல்லும். அதனால் பேரம் பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்.

அடுத்தது கரண்ட். ஒரே இணைப்பில் நான்கு குடித்தனம் இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் மொத்தத்துக்கும் ஒருமுறைதான் கிடைக்கும். யூனிட் சேரச் சேர ஓனருக்கே பில் ஏறும். அவர் யூனிட்டுக்கு 8 ரூபாய் வசூலித்தால், இரண்டு மாதத்தில் ஒரு குடித்தனம் செலவழிக்கும் 120 யூனிட்டுக்கு 960. தனி மீட்டரில் அதே 120 யூனிட்டுக்கு நூறு ரூபாய்கூட ஆகாது. மாதம் 430 மிச்சம். முட்டை ஏழு ரூபாய் என்றாலும் அறுபது முட்டை. வாடகை 300 கூடுதலானாலும் தனி மீட்டர் வீடே லாபம்.

மே மாதம் தனிக் கவனம் வேண்டும். பள்ளி மூடியதும் சத்துணவு முட்டை நிற்கும், ஜூனில் பள்ளி திறக்கும்போது செலவு வரும். அந்த வாரங்களில் குழந்தைக்கு நாளும் 30 கிராம் வேர்க்கடலை, அதாவது ஒரு கைப்பிடி, அவித்துக் கொடுத்தால் ஒரு முட்டை அளவு புரதம் கிடைத்துவிடும்.