சத்தம் கேட்குது, பேச்சுதான் புரியல

திருத்தணியைத் தாண்டி ஆந்திரப் பக்கம் நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் என்று போனால் தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். தறிக்கூடத்துக்குள் அது 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். எட்டு மணி நேர வேலைக்கு நம் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் வரம்பே 90தான். வருஷக்கணக்கில் தறி ஓட்டியவர்கள் சொல்லும் புகார் ஒன்று உண்டு: "சத்தம் கேட்குது, பேச்சுதான் புரியல." வீட்டில் யாரும் நம்புவதில்லை. 'காரியச் செவிடு' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். ஆனால் அவர் சொல்வது அப்படியே உண்மை.

உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு குழல் இருக்கிறது. அதற்குள் சுமார் 15,000 மயிர்ச்செல்கள். கீச்சென்ற ஒலிகளை வாங்குபவை குழலின் வாசல் பக்கம், கனத்த ஒலிகளுக்கானவை உள்ளே. இரைச்சல் முதலில் அடிப்பது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய, கீச்சுப் பக்கத்துச் செல்களை. செத்த செல் மறுபடி முளைக்காது.

இப்போது பேச்சுக்கு வருவோம். அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கனமானவை, பலமானவை. க, ச, த, ப போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் நுணுக்கமோ பெரும்பாலும் மெலிந்த, கீச்சுப் பக்கத்து ஒலிகளில் இருக்கிறது. அது போய்விட்டால் பட்டு, தட்டு, கட்டு மூன்றும் ஒன்றாகக் கேட்கும். பக்கத்தில் நின்று கத்தினால் ஏற்கெனவே கேட்கிற உயிரொலிதான் இன்னும் பெரிதாகும். போதாததற்கு, பழுதான காதுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, பெரிய சத்தம் வழக்கம்போலவே உறைக்கும். "ஏன் கத்துற?" என்று அவர் எரிந்து விழுவது அதனால்தான்.

கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணரான ஆடியாலஜிஸ்டின் வேலை இங்கே தொடங்குகிறது. வெளிச்சத்தம் புகாத அறையில் ஹெட்போனை மாட்டி, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு ஒலியையும் குறைத்துக்கொண்டே போய், கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். அப்புறம் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் ஒரு சின்ன அதிர்வுக் கருவி. எலும்பு வழியாக நன்றாகக் கேட்டு, காது வழியாகக் கேட்கவில்லை என்றால் அழுக்கு, செவிப்பறை ஓட்டை, சீழ் என்று ஏதாவது தடை இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரே பல சமயம் அதைச் சரிசெய்துவிடுவார். இந்த இரண்டு சோதனையின் அளவுகளையும் ஒரு வரைபடத்தில் இரண்டு கோடுகளாக வரைவார்கள். தறிக்காரர் வரைபடத்தில் இரண்டு கோடும் சேர்ந்தே 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளத்தில் இறங்கும்.

அடுத்தது சொற்களைச் சொல்லிக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வைக்கும் சோதனை. நகரிப் பக்கம் வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. தமிழ் பேசி வளர்ந்தவருக்குத் தெலுங்குப் பட்டியலை வாசித்தால், தப்பு காதினுடையதா மொழியினுடையதா என்று தெரியாது. சோதிப்பவரிடம் வீட்டில் என்ன பேசுகிறீர்கள் என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

காது மெஷினும் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கூட்டினால் உதவாது. அந்த வரைபடத்தைப் பார்த்து, எந்த ஒலி குறைகிறதோ அதை மட்டும், மெல்லிய சத்தத்தை அதிகமாகவும் பெரிய சத்தத்தைக் கொஞ்சமாகவும் கூட்ட வைக்க வேண்டும். நல்ல மையங்களில் மயிரிழை மாதிரி ஒரு குழாயைச் செவிப்பறை அருகே விட்டு, உள்ளே எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளந்து பார்ப்பார்கள். யாருடைய காதையும் சோதிக்காமல் கடையில் விற்கும் மெஷின்கள் மேஜை இழுப்பறைக்குப் போய்ச்சேர்வதில் ஆச்சரியமில்லை.

சரி, மாட்டியாயிற்று. முதல் நாள் மின்விசிறியும் தட்டு கழுவும் சத்தமும் தலையில் இறங்கும். பல வருஷமாக வராத ஒலிகளை மூளை பழகிக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்களும் ஆகும். இந்த இடத்தில்தான் பலர் கழற்றி வைத்துவிடுகிறார்கள். திரும்பப் போய் அளவை மாற்றிக்கொள்ள வேண்டிய நேரம் அது.

வீட்டாருக்கும் பாடம் உண்டு. முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, முகம் பார்த்து, வெளிச்சத்தில் நின்று, நிதானமாகப் பேசுங்கள். புரியாவிட்டால் அதே சொல்லைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல்லில் சொல்லுங்கள். தறி இரைச்சலில் வாயசைவும் கைச்சாடையும் பார்த்தே பேசிப் பழகியவர் அவர், முகம் தெரிந்தால் பாதி பிடித்துக்கொள்வார்.

இன்னும் தறியில் நிற்கும் பிள்ளைகள் காதில் பஞ்சு அடைத்தால் போதாது, இரைச்சல் அதைத் தாண்டிவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானை விரலால் மெல்லிசாக உருட்டி, மறுகையால் காதை மேல்பக்கமும் பின்பக்கமுமாக இழுத்துப் பிடித்து உள்ளே செருகி, அது விரியும்வரை விரலை எடுக்காமல் வையுங்கள்.