எல்லைக்கு அந்தப் பக்கம் நிலம் இருந்தால் மகளுக்கு எத்தனை சென்ட்?

பொள்ளாச்சியில் இருந்து கோபாலபுரம் வழியாகவோ, கோவையில் இருந்து வேலந்தாவளம் வழியாகவோ பாலக்காட்டுக்குள் நுழைந்தால் பேச்சும் மாறாது, தென்னந்தோப்பும் மாறாது. பெயர்ப்பலகையில் எழுத்துதான் மாறும். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, முதலமடைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இரண்டு மாநிலத்திலும் பூமி உண்டு. பாகம் பிரிக்க உட்காரும் நாளில், "கேரளாவுல பொண்ணுக்குப் பூர்வீகத்துல பங்கே கிடையாது" என்பார் ஒருவர். "2005க்கு அப்புறம் எல்லாச் சொத்துலயும் பொண்ணுக்குச் சமபங்கு" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சையும் நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம்.

மகள் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள், ரேஷன் கார்டு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதெல்லாம் இதில் கணக்கே இல்லை. நிலம் எந்த மாநிலத்தில் இருக்கிறது, அது அப்பாவுக்கு எப்படி வந்தது, அவர் எந்தத் தேதியில் இறந்தார், இடையில் பதிவான பாகம் ஏதாவது உண்டா என்பவைதான் பங்கைத் தீர்மானிக்கின்றன.

முதலில் சொத்து எந்த வகை என்று பார்க்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான வழக்குகள் சறுக்குகின்றன. பாட்டன் பெயரில் இருந்ததெல்லாம் பூர்வீகம் என்பது ஊர் வழக்கு; சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பாட்டன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய தோப்பு, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு அவர் உயில் எழுதாமல் இறந்ததால் மகனுக்கு வந்திருந்தால், அது அந்த மகனின் தனிச்சொத்து. 1986ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தனிச்சொத்தில் பேரனுக்கும் பிறப்புரிமை இல்லை, பேத்திக்கும் இல்லை. அப்பா உயிரோடு இருக்கும்வரை அதை விற்கலாம், ஒரு பிள்ளைக்கே செட்டில்மெண்ட் எழுதலாம், உயில் வைக்கலாம். எதுவும் எழுதாமல் இறந்தால் மட்டும் மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய அம்மா உயிரோடு இருந்தால் அவர் என எல்லோருக்கும் சமபங்கு. அந்த விதிக்கு எல்லைக்கோடு கிடையாது. பாலக்காட்டின் சித்தூர் தாலுக்காவிலும் அதேதான், பொள்ளாச்சியிலும் அதேதான்.

பல தலைமுறையாகப் பிரியாமல் கூட்டுக் குடும்பச் சொத்தாகவே வந்த நிலத்தில்தான் மாநிலம் குறுக்கே வருகிறது.

ஆந்திரம் முந்திக்கொண்டது. 1985 செப்டம்பர் 5 முதல் அங்கே மகளும் பிறப்பால் பங்காளி, அதாவது பிறந்ததுமே கூட்டுச் சொத்தில் உரிமை உள்ளவள். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தத் தேதி பொருந்தும். தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் அதைக் கொடுத்தது. இரண்டு சட்டத்திலும் ஒரே முள்: அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆன பெண்ணுக்கு இல்லை. 1988ல் கல்யாணமான அக்காவுக்கு இல்லாதது 1990ல் கல்யாணமான தங்கைக்கு உண்டு என்று ஒரே வீட்டில் இரண்டு நியாயம் ஓடியது. 1956 சட்டத்துக்கு 2005 செப்டம்பர் 9ல் அமலுக்கு வந்த மத்தியத் திருத்தம் கல்யாணக் கணக்கைத் தூக்கி எறிந்தது. எப்போது கல்யாணம் ஆகியிருந்தாலும் மகள் பங்காளிதான். மத்தியத் திருத்தம் அமலுக்கு வந்த அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று சில ஆண்டுகள் ஓடிய வாதத்தையும் 2020 ஆகஸ்ட் 11ல் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது: அப்பா இருந்திருக்கத் தேவையில்லை.

விலக்கு ஒன்று உண்டு. திருத்த மசோதா மாநிலங்களவையில் வைக்கப்பட்ட 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமாகவோ கோர்ட் டிக்ரி மூலமாகவோ பாகம் முடிந்திருந்தால் அதைத் தொட முடியாது. அந்தத் தேதிக்கு முன் நடந்த கிரயமும் அப்படியே நிற்கும். அண்ணன்மார் பெட்டியில் இருந்து எடுத்துக்காட்டும் கூர்ச்சீட்டு (யாருக்கு எது என்று எழுதிய, பதிவாகாத பாகச் சீட்டு), "அப்பவே பெரியவங்க முன்னால வாய்ப்பாகம் ஆயிடுச்சு" என்ற பேச்சு, இவை லேசில் செல்லாது. வாய்ப்பாகத்தை அரசு ஆவணங்கள் தாங்கிப் பிடித்தால்தான், அதுவும் அரிதாகத்தான், கோர்ட் ஏற்கும். தனித்தனிப் பட்டா, தனித்தனிக் கரம் (நிலவரி), தனித்தனியாக வங்கிக் கடன் என்று 2004க்கு முந்தைய தடயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேரளம் வேறு பாதையில் போனது. அங்கே மகளைப் பங்காளி ஆக்கவில்லை. கூட்டுக் குடும்பம் என்ற ஏற்பாட்டையே 1976 டிசம்பர் 1 முதல் ஒழித்துவிட்டார்கள். அன்றைக்கே பாகம் ஆனதுபோல் எண்ணி, அன்று பங்காளிகளாக இருந்த அப்பாவும் மகன்களும் தனித்தனிப் பங்குக்காரர் ஆனார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு, ஆணோ பெண்ணோ, பிறப்புரிமை இல்லை. மருமக்கத்தாய (தாய்வழி வாரிசு முறை) குடும்பங்களை மனத்தில் வைத்துப் பேசப்பட்ட இந்தச் சட்டம் மக்கத்தாய (தந்தைவழி) தமிழ்க் குடும்பத்து மகளை எங்கே கொண்டு விட்டது என்று கணக்குப் போட்டால்தான் புரியும்.

பூர்வீகம் 4 ஏக்கர், அதாவது 400 சென்ட். அப்பா, அம்மா, 1976க்கு முன் பிறந்த இரண்டு மகன்கள், ஒரு மகள். அப்பா 2010ல் உயில் இல்லாமல் இறந்தார். நிலம் தமிழ்நாட்டில் இருந்தால் அப்பாவும் மூன்று பிள்ளைகளும் தலைக்கு 100 சென்ட். தென்னாட்டு வழக்கில் மனைவிக்குப் பாகத்தில் பங்கு விழாது. அப்பாவின் 100 சென்ட்டை அம்மாவும் மூன்று பிள்ளைகளும் 25 சென்ட்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். மகளுக்கு 125 சென்ட், அம்மாவுக்கு 25.

அதே நிலம் எருத்தேம்பதியில் இருந்து, 1976 சட்டப்படியே கணக்கிட்டால்? அப்பாவும் இரண்டு மகன்களும் அன்றே 133 சென்ட் சொச்சம் வீதம் எடுத்துக்கொண்டார்கள். அப்பாவின் 133 மட்டும் நால்வருக்குப் பிரிகிறது. மகளுக்கு 33 சென்ட், ஒவ்வொரு மகனுக்கும் 166 சொச்சம். 400 சென்ட்டில் 33.

மகன்கள் 1976க்குப் பிறகு பிறந்தவர்கள் என்று வையுங்கள். முழுப் பங்கும் அப்பாவின் தனிச்சொத்து ஆகிவிடும். நால்வருக்கும் தலா 100. இந்தக் கணக்கில் அம்மாவுக்கு 100, தமிழ்நாட்டுக் கணக்கில் வெறும் 25. மகளின் உரிமை பற்றிப் பேசும் யாரும் இந்த 75 சென்ட் வித்தியாசத்தைப் பேசுவதில்லை. சீர்திருத்தம் முழுமையாகவில்லை என்பதற்கு எங்கள் பார்வையில் இதைவிடச் சாட்சி வேண்டாம்.

2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் இந்த நிலையை மாற்றியது. 1976ல் அமலான கேரளச் சட்டத்தின் 3, 4 ஆகிய பிரிவுகள் 2005 மத்தியத் திருத்தத்தோடு மோதுகின்றன, எனவே அவை நிற்காது; 2004 டிசம்பர் 20க்குப் பிறகு இறந்தவரின் மகளுக்குக் கேரளத்திலும் பூர்வீகத்தில் சமபங்கு உண்டு என்றது. மேலே சொன்ன 33 சென்ட் மகள் இந்தத் தீர்ப்புப்படி 125 கேட்கலாம். ஏற்கெனவே பதிவான பாகத்துக்கு மேலே சொன்ன விலக்கு இங்கும் பொருந்தும். இது ஒற்றை நீதிபதி தந்த தீர்ப்பு. வழக்குப் போடும் நாளில் அதன் நிலை என்ன என்று பாலக்காடு அல்லது சித்தூர் கோர்ட்டில் நிலவழக்கு நடத்தும் வக்கீலிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

இதுவரை சொன்னது இந்துக் குடும்பங்களுக்கு. பட்டியல் பழங்குடியினருக்கு இந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. எல்லையோர இருளர் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ மகள்களுக்கு மேரி ராய் வழக்கில் 1986ல் வந்த தீர்ப்பு சமபங்கு தந்தது. அது தனிக் கதை.

தாள்களில் என்ன தேட வேண்டும்

தமிழ்நாட்டுப் பக்கம் தெரிந்ததுதான்: வில்லங்கம், பட்டா, மூலப்பத்திரம். பட்டாவில் அண்ணன் பெயர் மட்டும் இருப்பதால் நிலம் அண்ணனுடையது ஆகிவிடாது. வாரிசுச் சான்றில்தான் முதல் திருட்டு நடக்கும். கல்யாணமாகிப் போன மகளின் பெயரை விட்டுவிட்டு விண்ணப்பிப்பார்கள். அப்பா இறந்ததும் முதல் வேலையாகத் தாசில்தார் அலுவலகத்துக்கு "நானும் வாரிசு, என்னைச் சேர்க்காமல் சான்று தர வேண்டாம்" என்று ஒரு மனு, இறப்புச் சான்று நகலோடு, பதிவுத் தபாலில். ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேரளப் பக்கம் வார்த்தைகளே வேறு. பத்திரத்துக்கு அங்கே ஆதாரம் என்று பெயர், மூலப்பத்திரம் முன்னாதாரம். பட்டா மாற்றம் போக்குவரவு. நம் பட்டா எண்போல வில்லேஜ் ஆபீஸில் ஒவ்வொருவர் பெயருக்கும் தண்டப்பேர் எண் உண்டு. விடுதலைப் பத்திரம் ஒழிமுறி. "ஒழிமுறி" என்று தலைப்பிட்ட மலையாளத் தாளில் "சும்மா சாட்சிக் கையெழுத்து" என்று வாங்கினால் பங்கையே விட்டுக்கொடுத்ததாக முடியும். மலையாளம் படிக்கத் தெரிந்த, உங்கள் ஆளான ஒருவர் வரிவரியாகப் படித்துச் சொல்லாமல் பேனா எடுக்க வேண்டாம்.

கரம் கட்டிய ரசீதைக் கையில் எடுத்துப் பாருங்கள். விஸ்தீரணம் சென்ட்டில் இருக்காது. ஹெக்டேர், ஆர், சதுர மீட்டர் என்று மூன்று கட்டம். 1 ஆர் என்பது 2.47 சென்ட், ஓர் ஏக்கர் 40.47 ஆர். பக்கத்திலேயே நிலத்தின் இனம் "நிலம்" அல்லது "புரையிடம்" என்று இருக்கும். தமிழ்க் கண் "நிலம்" என்றதும் பூமி என்று தாண்டிப் போய்விடும். அங்கே "நிலம்" என்றால் நெல்வயல். 2008 நெல்வயல், தண்ணீர்த்தடப் பாதுகாப்புச் சட்டப்படி அதில் நினைத்தபடி மண்ணடித்து வீடு கட்ட முடியாது. புரையிடம் என்றால் மேட்டுப் பூமி. ஆளுக்கு 50 சென்ட் என்று சமமாகப் பிரித்து, அண்ணனுக்குப் புரையிடமும் தங்கைக்கு நிலமும் போனால் சென்ட் சமம், மதிப்பு சமமில்லை.

கல்யாணத்தின்போது எழுதி வாங்கியது

"சீர் வரிசை, நகை பெற்றுக்கொண்டு சொத்தில் எனக்குள்ள சகல பாத்தியதைகளையும் விட்டுக்கொடுக்கிறேன்." இந்த வரி உள்ள முத்திரைத்தாள் பல வீடுகளில் இருக்கிறது. அது பதிவாகாத தாள் என்றால் அசையாச் சொத்தின் உரிமையை மாற்றாது. பதிவாகியிருந்தாலும் இரண்டு விதம். அப்பாவின் தனிச்சொத்தில், அவர் உயிரோடு இருக்கும்போதே "நாளை எனக்கு வரக்கூடியதை" விட்டதாக எழுதியிருந்தால், வராத உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது என்பதுதான் அடிப்படை விதி. அதற்குப் பணம் வாங்கியிருந்தால் மட்டும் சிக்கல் வரலாம். பூர்வீகத்தில், மகள் பங்காளி ஆன பிறகு, வயது வந்தவளாகப் பதிவுசெய்து கொடுத்திருந்தால் அது செல்லும். ஏமாற்றி வாங்கியது என்றால் தெரிந்த நாளில் இருந்து 3 வருஷத்துக்குள் ரத்துக்கு வழக்குப் போட வேண்டும். நகையும் சீரும் வாங்கியதால் மட்டும் பங்கு போய்விடாது.

பேசித் தீர்த்தால், தீராவிட்டால்

ஒத்துப்போனால் இரண்டு பக்க நிலத்துக்கும் இரண்டு தனிப் பாகப்பத்திரம் போடுவது நல்லது. ஒரே பத்திரத்தில் எழுதினால் முத்திரைக் கட்டணமும் வழிகாட்டி மதிப்பும் இரண்டு மாநில விதியில் சிக்கி, பட்டாவும் போக்குவரவும் இழுக்கும். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் பாகம், செட்டில்மெண்ட், விடுதலைக்கு முத்திரைக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலையில் உச்சவரம்பு 25,000ல் இருந்து 40,000 ரூபாயாகவும், பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 4,000ல் இருந்து 10,000 ஆகவும் உயர்ந்தது. பத்திரம் பதிந்ததோடு நிற்காமல் உட்பிரிவுப் பட்டாவும் போக்குவரவும் முடித்து, அவரவர் பெயரில் ஒரு வருஷக் கரமாவது கட்டி ரசீது வாங்கிவிட வேண்டும்.

ஒத்துப்போகாவிட்டால் இரண்டு கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை. சிவில் நடைமுறைச் சட்டம் 17ஆம் பிரிவுப்படி, நிலம் பல கோர்ட் எல்லைக்குள் சிதறியிருந்தால், அதில் ஒரு துண்டு இருக்கும் இடத்துக் கோர்ட்டிலேயே முழுதுக்கும் பாக வழக்குப் போடலாம். எல்லாக் கூட்டுச் சொத்தையும் வழக்கில் சேர்க்க வேண்டும். கேரளத் துண்டை மறந்துவிட்டால் "பகுதிப் பாகம்" என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். சுவாதீனம் உங்களுக்கும் கூட்டாக இருந்தால் கோர்ட் கட்டணம் குறைவு. உங்களை வெளியேற்றிவிட்டார்கள் என்றால் பங்கின் மதிப்பில் சதவீதம். "பங்கு இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லி ஒதுக்கியது தெரிந்த நாளில் இருந்து 12 வருஷம்தான் கெடு. வருஷா வருஷம் தேங்காய் வந்தது, குத்தகைப் பணத்தில் பங்கு வந்தது என்பதற்கான வங்கி வரவு, வாட்ஸப் செய்தி எல்லாவற்றையும் வைத்திருங்கள்.

பழைய வழக்கில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலை டிக்ரி ஆகிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். இறுதி டிக்ரி வரும்வரை புதிய சட்டப்படி பங்கைத் திருத்தலாம் என்று ஆந்திரத்தில் இருந்து போன ஒரு வழக்கில் 2011ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இறுதி டிக்ரியை முத்திரைத்தாளில் எழுதி வாங்க மறந்துவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு தாசில்தாரிடம் போய்த் திரும்பி வருகிறவர்கள் நிறைய.

வக்கீல் செலவுக்குப் பயந்து பின்வாங்குகிறவர்களுக்கு: பெண்ணுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவசச் சட்ட உதவி உண்டு, 1987ஆம் வருஷச் சட்டப்படி. தாலுக்கா கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும், தொலைபேசியில் 15100. அங்கேயே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பேசித் தீர்ந்தால் அந்த உத்தரவு டிக்ரிக்குச் சமம், அப்பீல் இல்லை, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பி வரும். போகும்போது கையில் இருக்க வேண்டியவை: அப்பாவின் இறப்புச் சான்று, கிடைக்கிற மிகப் பழைய ஆதாரம் அல்லது மூலப்பத்திரத்தின் நகல், இரண்டு பக்கத்து வில்லங்கச் சான்று, கடைசியாகக் கட்டிய கர ரசீது, குடும்பத்தில் எல்லோருடைய பிறந்த வருஷமும் எழுதிய ஒரு வம்சாவளித் தாள். அந்தத் தாளில் மகன்களின் பிறந்த தேதியைச் சரியாக எழுதுங்கள். 1976 டிசம்பருக்கு ஒரு மாதம் முன்பா பின்பா என்பதில் சில குடும்பங்களின் கணக்கே மாறிவிடும்.