புயலுக்குப் பிறகு வளவு துப்புரவு: எது சபையின் வேலை, எது உங்கள் வேலை

புயல் கழிந்த காலையில் மரம் விழுந்திருந்தால், அது எவ்வளவு பெரிய மரம் என்பதல்ல, எங்கே விழுந்து கிடக்கிறது என்பதுதான் முதற்கேள்வி. வீதியில் கிடந்தால் அகற்றுவது அரசின் வேலை. உங்கள் வேலிக்குள் கிடந்தால் உங்கள் வேலை, உங்கள் செலவு. பாதி உள்ளே, பாதி ஒழுங்கையில் என்றால் ஒழுங்கையை மறிக்கும் பாதியை மட்டும் அரிந்துவிட்டுப் போவார்கள். மிச்சத்தை உங்கள் மதிலோரம் தள்ளிவிட்டுப் போவதும் உண்டு. கோபப்பட்டுப் பயனில்லை. அன்றைக்கு அவர்களுக்குப் பாதை திறப்பதே பெரும் பாடு.

வீதி என்றாலும் எல்லா வீதிக்கும் ஒரே ஆட்கள் இல்லை. ஏ9 வீதி, காங்கேசன்துறை வீதி, பருத்தித்துறை வீதி போன்ற பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். அடுத்த தரத்தில் உள்ள சி, டி வகை வீதிகளை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கும். மற்ற உள்வீதியும் ஒழுங்கையும் உள்ளூராட்சி சபைக்கு. யாழ். மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை என மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள் இருக்கின்றன. உங்கள் ஒழுங்கை எந்தச் சபைக்குள் வருகிறது என்று தெரியாவிட்டால் வரி கட்டிய பற்றுச்சீட்டைப் பாருங்கள். இரவில் விழுந்து வழி அடைத்துக்கொண்டால் இந்த ஆராய்ச்சி ஒன்றும் வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு எடுத்தால் அவர்கள் உரிய இடத்துக்குச் சொல்வார்கள்.

மின்கம்பியில் சாய்ந்த மரத்துக்கு மட்டும் சபையும் இல்லை, நீங்களும் இல்லை, மின்சார சபைதான். 1987 இலக்கத்துக்கு அறிவியுங்கள். ஊரே இருட்டாகக் கிடக்கிறதே, கம்பியில் மின் இல்லைத்தானே என்று கொக்கைத்தடியோடு போகிறவர்களை ஒவ்வொரு மழைக்கும் காணலாம். பக்கத்து வீட்டில் ஜெனரேட்டர் ஓடினால், அது சரியாகப் பிரித்து இணைக்கப்படாவிட்டால், இருட்டான கம்பியிலும் மின் திரும்பி வரும்.

அரிவதற்கு முன் படம் எடுங்கள்

நட்டஈடு, நிவாரணம் எதுவாக இருந்தாலும் அது பதிவிலிருந்துதான் தொடங்குகிறது. பதிவு விதானையாரிடம் தொடங்குகிறது. கிராம அலுவலர் என்று கடதாசியில் எழுதினாலும் ஊரில் அவர் இன்னும் விதானையார்தான். கூரையில் மரம் விழுந்திருந்தால் மரம் கூரையில் கிடக்கும்போதே நாலு பக்கமும் படம் எடுங்கள். ஒரு படத்திலாவது வீட்டு முகப்பும் மரமும் சேர்ந்து தெரிய வேண்டும். பிறகு விதானையாருக்கு அறிவித்து, அவர் வந்து பார்த்து எழுதியபின் அப்புறப்படுத்துவது நல்லது. மழை ஒழுகுகிறது, காத்திருக்க முடியாது என்றால் படத்தை எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முழுதாகத் துப்புரவாக்கி, கூரை ஓடுகளையும் மாற்றி, சுவருக்கு வெள்ளையும் அடித்தபின் அலுவலகத்துக்குப் போய் நட்டம் என்று சொன்னால் அவர்கள் எதை எழுதுவது?

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட வீட்டைத் துப்புரவு செய்ய 25,000 ரூபா கொடுப்பனவு அறிவிக்கப்பட்டது. முதலில் 10,000 என்று இருந்ததை உயர்த்தினார்கள். வீட்டு உறுதி உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் அதில் இல்லை. வாடகைக்கு இருப்பவருக்கும் பொருந்தும்படி வந்ததால் பலருக்கு உதவியது. ஆனால் இரண்டு விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். அது அந்தப் புயலுக்காக வந்த கொடுப்பனவு, ஆண்டுதோறும் தானாக வரும் உரித்து அல்ல. மற்றது, அது வீட்டுக்கு. பின்வளவில் சரிந்த வேம்பை அரிந்து ஏற்றும் கூலிக்கு என்று தனியாக ஒரு கொடுப்பனவை எதிர்பார்த்திருக்க வேண்டாம்.

வயலும் தோட்டமும் வேறு கணக்கு. பயிர் அழிவைக் கமநல சேவை நிலையத்தில் அறிவிக்க வேண்டும். காப்புறுதி செய்திருந்தால் அந்த விடயமும் அங்கேதான். சாய்ந்த பயிரைப் பிடுங்கி உழுதுவிட்டுப் போனால் அங்கும் இதே பிரச்சினைதான்.

விழுந்த பனையும் நிற்கும் வடலியும்

தன் காணியில் நிற்கும் மரம் தன்னுடையது, வெட்ட யாரிடம் கேட்பது என்று பலர் நினைக்கிறார்கள். பூவரசுக்கும் கிளுவைக்கும் அது சரி. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றுக்குச் சரியில்லை. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் சட்டத்தின்படி இவற்றை அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. விண்ணப்பம் பிரதேச செயலகத்துக்குப் போகும். காணி உறுதியின் பிரதி, விதானையாரின் சிபாரிசு, வெட்டுவதற்கான காரணம் என்பவற்றை ஆயத்தமாக வைத்திருங்கள். பனை என்றால் பனை அபிவிருத்திச் சபையின் கருத்தையும் கேட்பார்கள்.

சட்டம் பெண் பனையைச் சொல்கிறது, அப்படியென்றால் வடலியை, அதாவது இளம் பனையை, தள்ளலாமா? இங்கேதான் சிக்கல். பனை ஆணா பெண்ணா என்பது அது பூக்கும்வரை ஒருவருக்கும் தெரியாது. பூக்கப் பன்னிரண்டு, பதினைந்து வருடம் பிடிக்கும், சிலவேளை அதற்கும் மேலே. ஆகவே இடுப்பளவு வடலிக் கூட்டத்தை ஜேசிபியால் ஒரே தள்ளாகத் தள்ளுகிறவர் எத்தனை பெண் பனையைத் தள்ளினார் என்பது அவருக்கே தெரியாது. வீடு கட்ட, கிணறு கிண்ட என்று நியாயமான காரணம் இருந்தால் பேசாமல் விண்ணப்பித்து, அனுமதி எடுத்துவிட்டு வெட்டுவது நல்லது. ஆண் பனையென்றாலும் நான் சொல்வது அதுதான்.

காற்றில் தானாக முறிந்த பனைக்கு வெட்ட அனுமதி என்ற கேள்வி இல்லை. ஆனால் குற்றியாக்கி வாகனத்தில் ஏற்றினால் கதை மாறும். பனங்குற்றி ஏற்றிச் செல்லக் கையில் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். வழியில் பொலிஸ் மறித்தால், புயலில் விழுந்தது ஐயா என்ற வாய்ச்சொல் போதாது. வாகனமும் குற்றியும் பொலிஸ் நிலையத்தில் நிற்க, நீங்கள் நீதிமன்றத்தில் நிற்பீர்கள். விழுந்த இடத்தில் வேரோடு அல்லது முறிந்த அடியோடு எடுத்த படமும், விதானையாரின் கடிதமும் அனுமதி எடுக்க உதவும். கூரை மரமான வளைக்கும் தீராந்திக்கும் தன் வளவுக்குள்ளேயே அரிந்து பயன்படுத்துகிறவருக்கு இந்தத் தொல்லை குறைவு.

கையாலா, மெசினாலா?

விழுந்த மரத்தை அரிய ஆள் பிடிக்கும்போது மலிவைப் பார்க்காதீர்கள். வலிகாமத்துப் பக்கம் மண் ஆழமில்லை, கீழே சுண்ணாம்புக்கல். வேர் கீழே இறங்காமல் பக்கவாட்டில் ஓடும். அதனால் பெரிய மரங்கள் முறியாமல் வேர்த்தட்டோடு பெயர்ந்து சாயும். அப்படிச் சாய்ந்த மரத்தின் அடியை அரிந்ததும், தலைப்பாரம் போய்விட்டதால், மண்ணோடு எழும்பி நின்ற வேர்த்தட்டு குழிக்குள் சடாரெனத் திரும்ப விழும். அந்தக் குழிக்குள் ஆளோ பிள்ளையோ நின்றால் அவ்வளவுதான். தொழில் தெரிந்தவர் முதலில் வேர்த்தட்டுக்கு முட்டுக் கொடுப்பார் அல்லது கயிற்றால் இழுத்துக் கட்டுவார். குழிப்பக்கம் ஒருவரையும் விட மாட்டார். வளைந்து இறுகி நிற்கும் கொப்பையும் ஒரேயடியாக அரிய மாட்டார்.

பற்றை வேறு. நாயுண்ணி, காரை, ஈச்சம்பற்றை எல்லாம் தரையோடு வெட்டினால் அடுத்த மழைக்கு இன்னும் அடர்த்தியாக வரும். கத்தியால் மேலே வெட்டி, அலவாங்கும் பிக்கானும் கொண்டு வேரைக் கிளப்ப வேண்டும். மழை பெய்து ஓரிரு நாள் கழித்து, மண் இளகியிருக்கும்போது இந்த வேலை பாதிக் கூலியில் முடியும். புல் வெட்டும் மெசின் புல்லுக்கும் இளம்பூண்டுக்கும் மட்டும். கல் நிறைந்த வளவில் அது கல்லைத் தெறிக்க வைக்கும், பக்கத்தில் நிற்பவரின் கண் பத்திரம்.

ஜேசிபி கொண்டுவந்தால் ஒரு நாளில் முடியும் என்பது உண்மைதான். ஆனால் அதன் வாளி பற்றையோடு மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போகும். மேல்மண் போனால் மிஞ்சுவது கல். பிறகு வாழையும் வராது, கீரையும் வராது. அந்த மண்ணை டிப்பரில் வெளியே ஏற்றினால் அது இன்னொரு சட்டம்: மண்ணும் கல்லும் அகழ்ந்து கொண்டுசெல்லப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். கடலோரக் காணி என்றால் இன்னும் கவனம். உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் இயற்கையாக நிற்கும் செடி கொடியை அழித்து நிலம் திருத்தக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்திடம் கேட்க வேண்டும். கண்டல் மரத்தில் கைவைக்கவே வேண்டாம்.

இனி எங்கள் ஊருக்கே உரிய ஒரு விடயம். வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட காணி, நாகர்கோவில், தென்மராட்சியின் கிழக்கு எல்லை போன்ற இடங்களில் வருடக்கணக்காக ஆள் போகாத பற்றைக்குள் மெசினை இறக்கும் முன், அந்தக் காணி கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். கண்ணிவெடித் தடை தொடர்பான ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அதன்படி அகற்றி முடிப்பதற்கான தவணை 2028 ஜூன். வெள்ளம் மண்ணை அரித்தால் அடியில் கிடந்தது மேலே வரும், இடமும் மாறும். துருப்பிடித்த இரும்பு, பச்சைப் பிளாஸ்ரிக் மூடி, கம்பி என்று எது தட்டுப்பட்டாலும் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி வந்து 119 இற்கு அறிவியுங்கள். பழைய இரும்பு வாங்குபவரிடம் கேட்டுப் பார்ப்போம் என்று எடுத்துப் போவதைப் போல முட்டாள்தனம் இல்லை.

வெட்டியதை எங்கே போடுவது

பிரதேச சபைகள் சட்டத்தின் 93 ஆம் பிரிவு வீதியைக் கூட்டுவதையும் வீட்டுக் குப்பை அகற்றுவதையும் சபையின் கடமை என்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு வளவின் முழுப் பற்றையையும் படலைக்கு வெளியே குவித்துவிட்டுச் சபையைத் திட்டக் கூடாது. சபையின் உழவு இயந்திரத்தைப் பெட்டியோடு கட்டணத்துக்கு எடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். கொப்புகளை வெள்ளவாய்க்காலுக்குள் தள்ளுவது எல்லாவற்றிலும் மோசம். அடுத்த மழைக்கு அந்தத் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும், பெரும்பாலும் தள்ளியவரின் வீட்டுக்குள் அல்ல.

உண்மையில் வெளியே அனுப்ப அதிகம் இருக்காது. பூவரசு, வேம்பு, கிளுவைக் குழையைத் தோட்டக்காரர் கேட்டு வாங்கிப் போவார்கள், குழை தாழ்க்க, அதாவது பசளையாக மண்ணில் புதைக்க. பனையின் கங்குமட்டை விறகுக்கு, காய்ந்த ஓலையான காவோலை வேலிக்கு. பாத்தீனியம் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது தடைசெய்யப்பட்ட களை, காணிக்காரர் அழிக்க வேண்டும். பூக்கும் முன் கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். பூத்த செடியைக் குழையோடு கலந்து தோட்டத்துக்கு அனுப்பினால் விதையையும் சேர்த்து அனுப்புகிறீர்கள்.

மரத்தை அப்புறப்படுத்தியதும் குழியையும் மூடிவிடுங்கள். தண்ணீர் தேங்கிய குழி, சிரட்டை, உடைந்த ஓடு, பீலியில் அடைத்த சருகு எல்லாம் நுளம்புக்கு வீடு. 2007 ஆம் ஆண்டின் நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டம் இதைக் காணியில் குடியிருப்பவரின் பொறுப்பாக்கியிருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து பார்த்தால் புயல் என்ற சாட்டு கொஞ்ச நாளுக்குத்தான் எடுபடும்.

ஆளில்லாத பக்கத்து வளவு

சொந்தக்காரர் கனடாவில், வளவு காடாய்க் கிடக்கிறது, பாம்பும் நுளம்பும் எங்களுக்கு. யாழ்ப்பாணத்தில் இது இல்லாத ஒழுங்கை குறைவு. காணி, சுகாதாரத்துக்குக் கேடாகப் பற்றை மண்டிக் கிடக்க விடுவது 1862 ஆம் ஆண்டின் தொல்லைகள் பற்றிய கட்டளைச் சட்டத்திலேயே குற்றம். முதலில் சொந்தக்காரரின் உறவினரிடம் பேசிப் பாருங்கள். பல வேளைகளில் ஒரு வாட்ஸ்அப் படம் போதும், காசு அனுப்பிவிடுவார்கள். சரிவராவிட்டால் உள்ளூராட்சி சபைக்கும் பி.எச்.ஐ.க்கும் எழுத்தில் கொடுங்கள். காணியை மேலோட்டமாகத் துப்புரவாக்க நீங்களே ஆளை இறக்குவது வேண்டாம். அது அத்துமீறலாகவும் எல்லைப் பிரச்சினையாகவும் திரும்பும்.

அந்த வளவு மரம் உங்கள் வீட்டின் மேல் விழும் நிலையில் நின்றால், பிரதேச செயலகத்துக்கும் பொலிசுக்கும் அறிவிக்கலாம். விழக்கூடிய மரத்தை அகற்றும்படி கட்டளையிட, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவு நீதவானுக்கு அதிகாரம் கொடுக்கிறது. அயலுக்குள் தீரக்கூடியது என்றால் மத்தியஸ்த சபை செலவில்லாத வழி. எங்கே கொடுத்தாலும் கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். பதில் வராவிட்டால், உங்கள் முறைப்பாட்டுக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே அலுவலகத்தின் தகவல் அலுவலரைக் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.